ஃபிளஷிங்கில் குறைந்த செலவில் வயிறாரச் சாப்பிட: முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், சீன உணவுக் கடைகள் நிறைந்த ஃபிளஷிங்குக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ரயிலை விட்டு இறங்கிய பசியில், கண்ணில் படும் முதல் கடையில் ஆளுக்கொரு பெரிய தட்டு வாங்கிவிடுகிறார்கள். அதிலேயே வயிறும் நிறைந்துவிடும், பர்ஸும் இளைத்துவிடும். நாலு கடை தள்ளி ஒருவர் மாவைக் கையால் இழுத்து நூடுல் போடுவதைப் பார்க்கும்போது சாப்பிட இடம் இருக்காது. அதனால் கீழே சொல்லியிருக்கும் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒருவருக்கு 25 டாலர் ரொக்கம் போதும். அதை 20 டாலர் தாள்களாக இல்லாமல் 1, 5, 10 டாலர் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய கடைகள் பலவற்றில் 10 டாலருக்குக் குறைந்தால் கார்டு வாங்க மாட்டார்கள், அல்லது கார்டுக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அங்கே போய் ஏடிஎம் தேடினால் அதற்கும் ஒரு கட்டணம்.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியை இறக்கி, சீன மொழியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி சேமித்து வையுங்கள். சாப்பாட்டுக் கூடங்கள் சில நிலவறையில் இருக்கின்றன. அங்கே சிக்னல் சொதப்பும்.

குடிக்கத் தண்ணீர், டிஷ்யூ, இறுக மூடும் டப்பா ஒன்று. கடைகளில் தண்ணீர் பெரும்பாலும் விலைக்குத்தான். மூன்று வேளைக்கு ஆகும் அளவு கொடுக்கும் கடைகளும் உண்டு, டப்பா இருந்தால் எதுவும் வீணாகாது. திரும்பும்போது உறைந்த டம்ப்ளிங் (கொழுக்கட்டை போல, மாவுக்குள் பூரணம் வைத்து மடித்தது) வாங்கும் எண்ணம் இருந்தால், குளிர் தாங்கும் பை ஒன்றும் வேண்டும்.

2. நேரமும் ரயிலும்

வார நாளில் பிற்பகல் 2 முதல் 4 வரைதான் சிறந்த நேரம். மதியக் கூட்டம் கலைந்திருக்கும், சமையல்காரர் அவசரப்பட மாட்டார், உட்கார இடம் கிடைக்கும், கவுன்டரில் நிற்பவரிடம் நாலு கேள்வி கேட்கலாம். சனி, ஞாயிறு மதியம் 12 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 8 வரையும் தவிர்த்துவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகமாக இருந்தால் வார நாளில் 3 மணிக்குள் போவது லாபம். மதியச் சிறப்பு விலை பல இடங்களில் அதோடு முடிந்துவிடும்.

7-ஆம் எண் சுரங்க ரயிலின் கடைசி நிலையம் மெயின் ஸ்ட்ரீட். டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து 35, 40 நிமிடம் ஆகும். ரயிலின் முகப்பில் எண் வட்டத்துக்குள் இருந்தால் எல்லா நிலையத்திலும் நிற்கும். வைரக் கட்டத்துக்குள் இருந்தால் விரைவு ரயில். மாலையில் ஃபிளஷிங் நோக்கி விரைவு ரயில் ஓடும், காலையில் மன்ஹாட்டன் நோக்கி ஓடும். லாங் ஐலண்ட் ரயிலில் பென் ஸ்டேஷனிலிருந்து 20 நிமிடம்தான், ஆனால் டிக்கெட் விலை கூடுதல். கார் எடுத்துப் போக வேண்டாம். நிறுத்தக் கொடுக்கும் காசில் ஒருவர் சாப்பிட்டுவிடலாம்.

3. முதல் அரை மணி நேரம் எதையும் வாங்காதீர்கள்

நிலையத்திலிருந்து மேலே வந்தால் மெயின் ஸ்ட்ரீட்டும் ரூஸ்வெல்ட் அவென்யூவும் வெட்டும் சந்திப்பு. இதை நடுப்புள்ளியாக மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது.

முதலில் ரூஸ்வெல்ட் அவென்யூவில் உள்ள நியூ வேர்ல்ட் மாலுக்குப் போய் நிலவறைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்குங்கள். ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கடைகள் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதால், எது எங்கே என்ன விலை என்பது பத்தே நிமிடத்தில் பிடிபடும். பிறகு மேலே வந்து பிரின்ஸ் ஸ்ட்ரீட் வரை நடந்து திரும்புங்கள். விருப்பமான மூன்று கடைகளின் விலைப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டருக்கு முன் நின்று யோசித்தால் பின்னால் வரிசை சேரும், அந்தப் பதற்றத்தில் கைக்கு வந்ததைக் காட்டி ஆர்டர் செய்துவிடுவோம். ஓரமாக நின்று படத்தை மொழிபெயர்த்துப் பார்த்தால் அந்தச் சிக்கல் இல்லை.

ஜவ்வரிசி உருண்டை போட்ட பால் தேநீரை (பபிள் டீ) இந்தச் சுற்றில் கையில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு கோப்பை அரைச் சாப்பாட்டின் விலை, பசியையும் அடைத்துவிடும். கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்.

4. கடையைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடையின் பெயரில் இருக்கும் சீன ஊரைப் பாருங்கள். எதை வாங்குவது என்பதை அந்த ஊரே சொல்லிவிடும். லான்ஜோ என்றால் கையால் இழுத்த நூடுலும் மாட்டிறைச்சிச் சாறும். ஷியான் என்றால் சீரக வாசனையுள்ள ஆட்டிறைச்சியும் அகல நூடுலும் லியாங்பி என்னும் ஆறிய நூடுலும். சோங்சிங், செங்டூ என்றால் மிளகாயும் நாக்கை மரத்துப் போக வைக்கும் சிச்சுவான் மிளகும். டோங்பெய் (சீனாவின் வடகிழக்கு) என்றால் டம்ப்ளிங்கும் புளித்த முட்டைக்கோசும். ஃபூஜோ என்றால் மீன் உருண்டை. லான்ஜோ கடையில் வறுத்த சோறு கேட்டால் கொடுப்பார்கள்தான். ஆனால் அவர்கள் கை பழகியது நூடுலில்.

அடுத்து, கவுன்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரே பண்டத்தை மடித்துக்கொண்டிருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும். அது காலையில் செய்து வைத்ததாக இருக்காது, விற்க விற்கச் செய்வதாக இருக்கும். பலகையில் 120 பண்டம் எழுதியிருந்தாலும் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரே கிண்ணத்தை வைத்துச் சாப்பிட்டால், உங்களுக்கும் அதுவே. பிரின்ஸ் ஸ்ட்ரீட் முனையில் உள்ள ஒயிட் பேர் என்னும் சின்னக் கடையில் வருகிறவர்கள் பண்டத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், ‘6-ஆம் எண்’ என்பார்கள். மிளகாய் எண்ணெய் ஊற்றிய வான்டன் (மெல்லிய மாவில் பொதிந்த டம்ப்ளிங்) அது, பன்றி இறைச்சி வைத்தது.

நகரச் சுகாதாரத் துறை கடையில் ஒட்டியிருக்கும் தர எழுத்தையும் கவனியுங்கள். 13 குறைப் புள்ளி வரை ‘ஏ’, 14 முதல் 27 வரை ‘பி’, அதற்கு மேல் ‘சி’. சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி அட்டை இருக்கும். ‘பி’ என்றாலே ஓடிவிட வேண்டியதில்லை. சூடாகப் பொங்கும் நூடுல் கடையில் அது பெரிய தடை அல்ல. பச்சையாகவோ ஆறியோ இருக்கும் பண்டத்துக்கு மட்டும் ‘ஏ’ பார்த்து வாங்குங்கள்.

5. சைவமா, மாடு வேண்டாமா, பன்றி வேண்டாமா: கேட்க வேண்டிய விதம்

தமிழ் வீடுகளிலிருந்து போகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

சீன மொழியில் இறைச்சிக்கு ‘ரோ’ என்று பெயர். முன்னால் எந்த விலங்கின் பெயரும் இல்லாமல் வெறும் ‘ரோ’ என்று இருந்தால் பன்றி என்றே பொருள். மெனுவில் ‘இறைச்சி டம்ப்ளிங்’ என்று மட்டும் மொழிபெயர்ப்பு வந்தால் பன்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி ‘நியோ ரோ’, ஆட்டிறைச்சி ‘யாங் ரோ’, கோழி ‘ஜீ ரோ’, பன்றி ‘ஜூ ரோ’. கடைசி இரண்டும் நம் வாயில் ஒன்றுபோல வந்துவிடும். அதனால் வாயால் கேட்காமல் எழுத்தைக் காட்டுவதே பாதுகாப்பு.

சைவர்கள் வீட்டிலேயே ஒரு குறிப்பைச் சீன மொழியில் மாற்றி, பெரிய எழுத்தில் படமாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். ‘சைவம் மட்டும்’ என்று எழுதினால் போதாது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றித் தந்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம்தான். குறிப்பில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: இறைச்சி, மீன், இறால், எலும்புச் சாறு, சிப்பிச் சாஸ், கோழித் தூள், பன்றிக் கொழுப்பு வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பி வாங்கும் சில பண்டங்கள் உண்டு. மாபோ டோஃபுவில் (காரச் சாற்றில் வெந்த சோயா பன்னீர்) கொத்துக்கறி இருக்கும். வறுத்த பீன்ஸிலும் ‘மீன் வாசனைக்’ கத்தரிக்காயிலும் பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி இருக்கும் (அந்தக் கத்தரிக்காயில் மீன் இருக்காது, பெயர்தான் அப்படி). கீரைப் பொரியலில் சிப்பிச் சாஸ் ஊற்றுவது வழக்கம். வெங்காயத்தாள் ரொட்டியைச் சிலர் பன்றிக் கொழுப்பில் மடிப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

நம்பி வாங்கக்கூடியவற்றில் முதல் இடம் லியாங்பிக்கு. கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து, ஸ்டார்ச்சைப் பிரித்து, ஆவியில் வேகவைத்து அகலப் பட்டையாக வெட்டுவார்கள். மிஞ்சும் பசையம் பஞ்சு போன்ற துண்டுகளாக மேலே கிடக்கும். வெள்ளரிக்காய், முளைகட்டிய பயறு, காடி (வினிகர்), மிளகாய் எண்ணெய் சேர்த்து ஆறிய நிலையிலேயே தருவார்கள். அந்தப் பஞ்சுத் துண்டு காரத்தையும் புளிப்பையும் உறிஞ்சி வைத்திருக்கும். நம் நாக்குக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் சுவை. தக்காளி முட்டைப் பொரியல், பூண்டு தட்டிப் போட்ட வெள்ளரிக்காய், இஞ்சிப் பாகு ஊற்றிய இளம் டோஃபு ஆகியவையும் நல்ல தேர்வு.

ஹலால் வேண்டுவோர் ‘சிங் ஜென்’ என்ற சொல்லை எழுத்தில் காட்டிக் கேளுங்கள்.

6. ஆர்டர் செய்யும் வரிசை

ஆளுக்கொரு தட்டு வேண்டாம். மூன்று பேர் போனால் மூன்று கடையில் ஒவ்வொன்றாக வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஒரு நூடுல் கிண்ணம் 14 டாலர், டம்ப்ளிங் 10, லியாங்பி 10 என்று வைத்துக்கொண்டால் 34 டாலர். விற்பனை வரி 8.875 சதவீதம் சேர்த்து 37.02. ஒருவருக்கு 12.34 டாலரில் மூன்று ஊர்ச் சாப்பாடு. தனித்தனியாக ஒரு நூடுல் கிண்ணம் வாங்கினாலே பெரும்பாலும் 11 முதல் 16 டாலர் வரை ஆகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். முதலில் ஆறிய பண்டம், அடுத்து டம்ப்ளிங், கடைசியில் நூடுல். லியாங்பி காத்திருக்கும், நூடுல் காத்திருக்காது. ஒருவர் மேசையைப் பிடித்து உட்கார, மற்றவர் வாங்கி வரட்டும்.

சீட்டில் உள்ள எண்ணைச் சீன மொழியில்தான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுப் பிடிக்க முடியாது. கவுன்டர் பக்கத்திலேயே நின்று, திரையில் எண் வருவதைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கவனிக்காவிட்டால் சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும்.

7. நூடுல் கடை

மாவுத் திரியை இழுத்து, இரண்டாக மடித்து, மறுபடி இழுக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிப்பாகும். ஏழு மடிப்பில் 128 இழை. எட்டாவது மடிப்பு போட்டால் 256; அது முடிபோல மெலிந்துவிடும். பல கடைகளில் தடிமனை நீங்களே சொல்லலாம். முதல்முறைக்கு நடுத்தரம் அல்லது அகலம் கேளுங்கள். மெல்லியது கொதிக்கும் சாற்றில் ஐந்தாறு நிமிடத்தில் குழைந்துவிடும், அகலமானது தாங்கும்.

பொட்டலம் கட்ட ‘தா பாவ்’ என்றால் புரிந்துகொள்வார்கள். கூடவே சாற்றைத் தனியாகக் கட்டச் சொல்ல ‘தாங் ஃபென் காய்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல மறந்தால் வீட்டுக்கு வந்து சேர்வது கூழ்தான்.

8. சாறு அடைத்த டம்ப்ளிங்

சாற்றை ஜெல்லியாக உறைய வைத்து, இறைச்சியோடு சேர்த்து மாவில் பொதிகிறார்கள். ஆவியில் அது உருகி உள்ளே கொதிநிலையில் நிற்கும். முழுசாக வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும்.

மேலே முறுக்கியிருக்கும் குமிழைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். அங்கேதான் மாவு தடிமன். பக்கத்தில் குத்தித் தூக்கினால் கிழிந்து சாறு கூடையில் ஓடிவிடும். கரண்டியில் வைத்து, பக்கவாட்டில் சிறிதாகக் கடித்து, ஊதி, சாற்றை உறிஞ்சிவிட்டு, பிறகு இஞ்சி போட்ட காடியோடு மிச்சத்தைச் சாப்பிடுங்கள். ஆறட்டும் என்று பத்து நிமிடம் விட்டாலும் கெட்டுவிடும். தோல் கூடையின் அடியில் ஒட்டி, எடுக்கும்போது கிழியும். இது வழக்கமாகப் பன்றி இறைச்சியில் செய்வது. நண்டு என்று எழுதியிருந்தாலும் அதோடு பன்றி கலந்திருக்கும்.

9. எடை போட்டு விற்கும் மாலா கடை

மாலா என்பது மிளகாயும் சிச்சுவான் மிளகும் சேர்ந்த காரம். கண்ணாடிப் பெட்டியில் காய், காளான், டோஃபு, மீன், இறைச்சி எல்லாம் பச்சையாக இருக்கும். நீங்கள் எடுத்துப் போட்டதை எடை போட்டு, பவுண்டு கணக்கில் விலை சொல்லி, சமைத்துத் தருவார்கள். ஒரு பவுண்டு 454 கிராம். புதியவர்கள் பாத்திரம் நிறைய அள்ளிவிட்டு 30 டாலர் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்பது இங்கேதான்.

எல்லாம் ஒரே விலை என்றால் உருளைக்கிழங்கு, முள்ளங்கி, பூசணி, சோளம் எடுக்காதீர்கள். கனமும் அதிகம், வெளியே மலிவும்கூட. தாமரைத் தண்டை நாலு வில்லை, காளான், டோஃபுத் தோல், கீரை, கொஞ்சம் இறைச்சி அல்லது இறால் என்று எடுங்கள். கீரையை உதறிப் போடுங்கள், ஒட்டியிருக்கும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை. ஒருவருக்கு முக்கால் பவுண்டு தாராளம். சமைப்பதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுவார்கள், அப்போது கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லத் தயங்க வேண்டாம்.

காரத்தில் ‘வெய் லா’ என்று குறைவாகத் தொடங்குங்கள். ஆந்திர ஊறுகாய் சாப்பிடும் நாக்குக்கு மிளகாய் பொருட்டில்லை. ஆனால் சிச்சுவான் மிளகு உதட்டையும் நாக்கையும் மரத்துப் போக வைக்கும். அது நமக்குப் பழக்கமில்லாத உணர்வு. மாடு தவிர்ப்பவர்கள் மசாலா அடித்தளத்தில் மாட்டுக் கொழுப்பு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் சேர்ப்பார்கள். ஒரே வாணலியில்தான் எல்லோருக்கும் வறுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

10. பில், வரி, டிப்ஸ்

பலகையில் இருப்பது வரிக்கு முந்தைய விலை. கவுன்டரில் வாங்கினால் டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்தலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பரிமாறும் உணவகத்தில் 18 சதவீதம் கொடுப்பதே முறை. அதே 14 டாலர் நூடுல் கவுன்டரில் 15.24, உட்கார்ந்து சாப்பிட்டால் 17.76. கூட்டமாகப் போனால் சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் ஏறியிருக்கலாம். பார்க்காமல் இரண்டாவது முறை கொடுக்காதீர்கள்.

11. திரும்பும் முன்

பேக்கரிகளில் தட்டும் இடுக்கியும் எடுத்து நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம். பல கடைகள் மூடும் நேரம் நெருங்கும்போது மிச்சத்தைப் பையில் கட்டி மலிவாக விற்றுவிடும். அன்னாசி பன்னில் அன்னாசி கிடையாது, மேலே வெடித்திருக்கும் தோலுக்குத்தான் அந்தப் பெயர். உள்ளே பன்றி அடைத்த பன்னும் பார்ப்பதற்கு அதேபோலத்தான் இருக்கும், பெயர்ச் சீட்டைப் பாருங்கள்.

டம்ப்ளிங் கடைகளில் வேகவைக்காத உறைந்த டம்ப்ளிங்கை 50 கொண்ட பையாக விற்பார்கள். வேகவைத்து வாங்குவதைவிட ஒன்றின் விலை நன்றாகவே குறையும். மளிகைப் பொருள் என்பதால் விற்பனை வரியும் இல்லை. ரயில் ஏறுவதற்குச் சற்று முன் வாங்குங்கள். வழியில் இளகினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். வீட்டில் உருக வைக்காமல் அப்படியே கொதிநீரில் போடுங்கள். மேலே மிதந்ததும் ஒரு கப் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். மறுபடி கொதித்ததும் இன்னொரு கப். மூன்றாவது கொதியில் எடுத்துவிடலாம். குளிர்ந்த நீர் ஊற்றாவிட்டால் உள்ளே வேகும் முன் தோல் வெடித்துவிடும்.

12. சைவர்களுக்கு இன்னொரு வழி

மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து சுமார் 20 நிமிட நடையில், பௌன் ஸ்ட்ரீட்டில் மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது. அதன் அடித்தளத்தில் உள்ள கேன்டீன், கூட வந்தவர்களில் சீனச் சாப்பாடு எதையும் தொட முடியாதவர்களுக்குச் சரியான இடம். தோசை, இட்லி, வடை, பொங்கல் எல்லாம் கிடைக்கும். சாறு பற்றியும் சாஸ் பற்றியும் விசாரிக்க வேண்டிய கவலை இல்லை. திருவிழா நாளிலும் ஞாயிறு மதியத்திலும் வரிசை நீளும்.

இங்கே வருவதாக இருந்தால் இதை முதலில் முடித்துவிட்டு மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். அசைவப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைய வேண்டிய சங்கடம் வராது. ரயிலும் கடைகளும் மெயின் ஸ்ட்ரீட்டில்தான் என்பதால் திரும்பும் வழியும் அதுவே.